ரெனுவாரின் ‘இரேன்’: ஒரு குழந்தையின் உருவப்படத்தைப் படிப்படியாகப் பார்ப்பது எப்படி?

பழைய ஓவியம் ஒன்றில் குழந்தை முகம் தெரிந்தால், “என்ன அழகு!” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். இல்லையென்றால் பக்கத்துச் சுவரில் உள்ள குறிப்பை முதலில் படித்துவிட்டு, அதில் சொன்னதையே படத்தில் தேடுகிறோம். எப்படிப் பார்த்தாலும் படத்தைப் பார்த்ததாக ஆகாது.

இந்த வழிகாட்டிக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஒகுஸ்த் ரெனுவார் 1880இல் பாரிஸில் வரைந்த, எட்டு வயதுச் சிறுமி இரேன் காஹென் தான்வேரின் எண்ணெய் வண்ண உருவப்படம். இப்போது சூரிச் நகரின் குன்ஸ்ட்ஹவுஸ் அருங்காட்சியகத்தில், பியூர்லே சேகரிப்பின் பகுதியாக இருக்கிறது. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வரைந்து முடித்த பிறகு இந்தப் படத்துக்கு நடந்தவை மிகக் கனமானவை. அவற்றை முதலிலேயே தெரிந்துகொண்டால் அப்புறம் படம் கண்ணில் படாது, கதை மட்டும்தான் படும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் துணியும் வண்ணமும், பிறகு உடையும் பணமும், கடைசியில் வரலாறு. ஏற்கெனவே கதை தெரிந்தவர்களும் முதல் நான்கு படிகளைத் தெரியாதவர் போலவே செய்து பாருங்கள்.

முதல் படி: அளவை உடம்பால் உணருங்கள்

திரையில் பார்க்கும்போது எல்லா ஓவியமும் ஒரே அளவு. கைப்பேசியில் சுவர் அகல ஓவியமும் உள்ளங்கை அகலம்தான். அதனால் முதல் வேலை அளவைத் தேடி எடுப்பது. இரேன் படம் 65 செ.மீ. உயரம், 54 செ.மீ. அகலம். நாளிதழ் ஒன்றை இரண்டு பக்கமாக விரித்து, செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் ஏறக்குறைய இந்த அளவு வரும். சிறுமியின் தலை நிஜத் தலையின் அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. மாளிகைக் கூடத்தில் தொலைவிலிருந்து பார்த்து மிரளுவதற்கான படம் அல்ல. ஒரு அறையில், ஒரு எட்டு தள்ளி நின்று பார்க்க வேண்டியது.

65க்கு 54 என்பது இன்னொன்றையும் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் கடைகளில் தயாராகக் கிடைத்த கான்வாஸ்களுக்கு எண் வரிசை உண்டு. ‘உருவப்படம் 15’ என்ற எண்ணுள்ள கான்வாஸின் அளவு இதுதான். ஓவியர் பட்டறையில் நெய்து, இழுத்து, பூசி, உலர்த்தி என்று மாதக்கணக்கில் செய்ததல்ல. கடையில் வாங்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாடிக்கையாளர் வீட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடலாம். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841இல் அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்டின் காப்புரிமையோடு வந்தது. இந்த இரண்டும் இல்லாமல் வெளிவெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு குழந்தையை வரைவது பெரிய தொல்லையாக இருந்திருக்கும்.

நீங்கள் பார்க்கும் எந்தக் குழந்தை உருவப்படத்துக்கும் இதைச் செய்யலாம். அளவு விசித்திரமாக இருந்தால் அதை ஓர் இடத்துக்காகத் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கலாம், அல்லது பின்னால் யாரோ வெட்டியிருக்கலாம்.

இரண்டாம் படி: நல்ல பிரதியைத் தேடுங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இந்தப் படத்தின் பிரதிகள் எக்கச்சக்கம். ஒன்றில் கூந்தல் செம்பு நிறம், இன்னொன்றில் காப்பிப் பொடி நிறம். உடை ஓரிடத்தில் வெள்ளை, ஓரிடத்தில் நீலம். படத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள பிரதியை மட்டும் நம்புங்கள். முகத்தை மட்டும் வெட்டி எடுத்த பிரதிகளைத் தவிருங்கள். இந்தப் படத்தில் கைகளை இழந்தால் பாதிப் படம் போச்சு.

மூன்றாம் படி: தூரிகை எங்கே மெதுவாகப் போகிறது, எங்கே ஓடுகிறது?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது நேரில் என்றால் காவலர் முறைக்காத அளவுக்கு அருகே போங்கள்.

பின்னணியிலிருந்து தொடங்குங்கள். அடர்ந்த இலைகள். ஆனால் எந்த இலையையும் தனியாக இலை என்று சுட்டிக்காட்ட முடியாது. பச்சை, கரும்பச்சை, ஆங்காங்கே வெளிச்சம் பட்ட திட்டுகள், எல்லாமே வேகமான தொடுகைகள். அங்கிருந்து கண்ணைக் கூந்தலுக்கு நகர்த்துங்கள். நெற்றியில் வெட்டிவிட்ட முடி, தலையில் ஒரு நீல நாடா, அங்கிருந்து தோளைத் தாண்டி முதுகோடு இறங்கும் செம்பொன் வெள்ளம். இங்கே தூரிகை நீண்ட கோடுகளாக முடியின் போக்கிலேயே ஓடுகிறது. கூந்தலின் ஓரத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தொடும் இடத்தைப் பாருங்கள். எதிரெதிர் வண்ணங்கள் பக்கத்தில் வந்தால் இரண்டும் கூடுதலாக எரியும். அந்தக் கூந்தல் அவ்வளவு ஒளிர்வதற்குப் பாதிக் காரணம் பின்னாலுள்ள பச்சைதான்.

உடைக்கு வாருங்கள். வெளிறிய நீலமும் வெள்ளையும். நிழல் விழும் மடிப்புகளைக் கவனியுங்கள். அங்கே கறுப்போ சாம்பலோ குழப்பிப் பூசவில்லை, நிழலும் நீலமாகவே இருக்கிறது.

இப்போது முகம். திடீரென்று எல்லாம் அடங்கிவிடுகிறது. தோலில் தூரிகைத் தடமே தெரிவதில்லை. ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கரைந்து, பீங்கான் போல வழவழவென்று இருக்கிறது. பீங்கான் என்று சும்மா சொல்லவில்லை. 1841இல் லிமோஜ் நகரில் தையற்காரர் மகனாகப் பிறந்த ரெனுவார், சிறுவனாக இருக்கும்போதே பாரிஸில் ஒரு பீங்கான் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தவர். தட்டுகளிலும் கோப்பைகளிலும் பூ வரைந்து கை பழகியது. வெள்ளைப் பரப்பில் மெல்லிய வண்ணத்தைத் தடம் தெரியாமல் படர விடும் வித்தை அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

ஆக ஒரே கான்வாஸில் இரண்டு விதமான வேலை. இலைகளை வரைந்தவர் ஒரு ஆள், முகத்தை வரைந்தவர் வேறொரு ஆள் என்று சொன்னால் நம்பிவிடுவோம். இது ஏன்?

விடை ஆண்டில் இருக்கிறது. மாறும் வெளிச்சத்தை வேகமான தூரிகைத் தொடுகைகளில் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் குழுவின் கண்காட்சிகளில் ரெனுவார் 1874, 1876, 1877ஆம் ஆண்டுகளில் பங்கெடுத்தார். 1879, 1880, 1881 கண்காட்சிகளில் அவர் இல்லை. பாரிஸின் அதிகாரபூர்வப் பெருங்கண்காட்சியான சலோனுக்கு மீண்டும் படம் அனுப்பத் தொடங்கியிருந்தார். காரணம் எளிது: பணக்கார வீடுகள் உருவப்படம் வரையச் சொல்லி ஆளைத் தேர்வது சலோன் சுவர்களைப் பார்த்துத்தான். அந்த வீட்டு அம்மாவுக்கு மகளின் முகம் மகளுடையதாகத் தெரிய வேண்டும், மூக்கில் பச்சைத் திட்டு இருக்கக் கூடாது. முகத்தை வாடிக்கையாளருக்கும் இலைகளைத் தனக்கும் என்று ரெனுவார் பிரித்துக்கொண்டார் என்பது என் கணிப்பு. இதைச் சமரசம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடும் தூரிகைகளுக்கு நடுவே ஒரு முகம் மட்டும் அசையாமல் இருப்பதால்தான் கண் அங்கே போய் நிற்கிறது.

நான்காம் படி: கைகளும் பார்வையும்

பெரியவர்களின் உருவப்படத்தில் கை ஏதாவது செய்யும். விசிறி பிடிக்கும், புத்தகத்தில் விரல் வைத்திருக்கும். இரேனின் கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. பொம்மை இல்லை, பூ இல்லை, நாய்க்குட்டி இல்லை. குழந்தைப் படங்களில் இந்தப் பொருள்களெல்லாம் இருப்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம், குழந்தையை உட்கார வைக்க வேண்டியிருப்பது. இங்கே அவள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாள்.

பார்வை நம்மிடம் இல்லை. உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, கண்கள் சட்டத்துக்கு வெளியே எதையோ பார்க்கின்றன. முகத்தில் சிரிப்பு கிடையாது.

இப்போது ஒரு தாளில் அந்த முகபாவத்துக்கு ஒரே ஒரு சொல் எழுதி வையுங்கள். சோகமா, அமைதியா, அலுப்பா, கனவா, எதுவானாலும் சரி. இதை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கதை தெரிந்த பிறகு எழுதுவது உங்கள் சொல்லாக இருக்காது.

ஐந்தாம் படி: உடையும் முடியும் சொல்லும் வயது

அந்தக் காலத்து ஐரோப்பாவில் குழந்தையின் வயதைக் கூந்தலும் பாவாடை நீளமும் காட்டிக்கொடுத்துவிடும். சிறுமியருக்குக் கூந்தல் விரித்திருக்கும். பதின்பருவம் முடியும்போது அதைத் தூக்கி முடிந்துகொண்டால், இனி குழந்தையல்ல என்று ஊருக்கு அறிவித்ததாக அர்த்தம். பாவாடையும் வயதோடு கீழே இறங்கிக்கொண்டே போகும். இரேனின் விரித்த கூந்தல் அழகுக்காக மட்டும் அல்ல. இன்னும் சில ஆண்டுகளில் அது மேலே ஏறிவிடும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கவுன் போட்டிருந்தால் பெண் குழந்தை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெனுவார் 1878இல் வரைந்த ‘திருமதி ஷர்பாந்தியேயும் குழந்தைகளும்’ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரே மாதிரி கவுன் அணிந்த இரண்டு குழந்தைகள். பெரியவள் ஒரு பெரிய நாயின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னது. அந்தச் சின்னது மூன்று வயதுப் பையன். அப்போது சிறுவர்களுக்கும் நான்கைந்து வயது வரை, சில வீடுகளில் அதற்கு மேலும், கவுன்தான். அதேபோல நீலம் என்றால் ஆண், ரோஜா நிறம் என்றால் பெண் என்ற கணக்கும் இங்கே உதவாது. அது 20ஆம் நூற்றாண்டில் கெட்டிப்பட்ட வழக்கம். இரேனின் நாடாவும் உடையும் நீலம்; அவள் தங்கைகள் இருவரின் படத்துக்குப் பெயரே ‘ரோஜாவும் நீலமும்’.

ஆறாம் படி: யார் கேட்டது, யார் கொடுத்தது, எவ்வளவு?

1880க்குள் நிழற்படம் மலிந்துவிட்டது. அட்டையில் ஒட்டிய சிறு நிழற்படங்களுக்கு நிழற்படக்காரர் திஸ்தேரி 1854இலேயே பாரிஸில் காப்புரிமை வாங்கிவிட்டார். பிள்ளையின் சாயல் மட்டும் போதும் என்றால் ஸ்டுடியோவுக்குப் போயிருக்கலாம். ஓவியம் வேண்டும் என்று கேட்டவர்கள் வேறெதையோ வாங்கினார்கள்: வண்ணம், அந்தஸ்து, சுவரில் ஓர் இடம்.

இரேனின் அப்பா லூயி காஹென் தான்வேர், யூத வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மா லூயீஸ். அவர்களுக்கு ரெனுவாரை அறிமுகப்படுத்தியவர் கலைச் சேகரிப்பாளர் ஷார்ல் எஃப்ரூஸி. ரெனுவாரின் ‘படகுப் பயணிகளின் மதிய விருந்து’ ஓவியத்தில் பின்னால் கறுப்பு உயரத் தொப்பியோடு நிற்பவர் இவரே என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இரேன் படம் வீட்டுத் தோட்டத்தில், இரண்டே அமர்வுகளில் முடிந்ததாகச் சொல்லப்படுகிறது. 1881 சலோனில் தொங்கியது.

மூத்த மகள் இரேன் முடிந்த பிறகு தங்கைகள் எலிசபெத்தும் ஆலிஸும் தனித்தனியாக அல்லாமல் ஒரே படத்தில் சேர்ந்தார்கள். அந்தப் படம் இப்போது பிரேசிலின் சாவோ பாலோ கலை அருங்காட்சியகத்தில். ஆலிஸ் பிற்காலத்தில், உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனதையும் நல்ல உடை போட்டுக்கொண்ட மகிழ்ச்சி அதை ஈடுகட்டியதையும் நினைவுகூர்ந்திருக்கிறார். நான்காம் படியில் ‘அலுப்பு’ என்று எழுதியவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

குடும்பத்துக்குப் படங்கள் பிடிக்கவில்லை. வேலையாட்கள் பகுதியில் மாட்டிவிட்டார்கள். பணம் தாமதமாக வந்தது, அதுவும் 1500 பிராங்க். ரெனுவார் கடிதத்தில் பொருமினார், இந்த வீட்டுக்காரர்கள் கஞ்சர்கள் என்று. அந்தப் பொருமல் அந்தக் குடும்பத்தோடு நிற்கவில்லை. மொத்த யூதர்கள் மீதும் போனது. பிறகு, யூத ராணுவ அதிகாரி திரைஃபஸ் மீது பொய்யாகச் சுமத்திய தேசத்துரோக வழக்கில் பிரான்ஸ் இரண்டாகப் பிளந்தபோதும் அவர் திரைஃபஸுக்கு எதிரான பக்கம்தான். இதை மறைத்துப் படத்தை மட்டும் கொண்டாடுவதும் சரியில்லை, இதைக் காட்டிப் படத்தைக் கீழே போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. படியில் இதற்கு ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான்.

ஏழாம் படி: ஓவியத்தைத் திருப்பிப் போடுங்கள்

நிஜமாகவே திருப்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு ஓவியத்துக்கும் யாரிடமிருந்து யாரிடம் போனது என்ற உடைமை வரலாறு உண்டு. அருங்காட்சியகத் தளங்களில் அது படத்தின் விவரங்களுக்குக் கீழே, பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். ஐரோப்பிய ஓவியம் என்றால் 1933க்கும் 1945க்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கே நில்லுங்கள்.

இரேனின் வரிசை இப்படிப் போகிறது. அவர் 1891இல் மொயீஸ் த கமோந்தோ என்ற வங்கியாளரை மணந்தார். நிசிம், பேயாத்ரிஸ் என்று இரண்டு பிள்ளைகள். பின்னர் மணமுறிவு, கத்தோலிக்கராக மாறி, சம்பியேரி என்ற இத்தாலியப் பிரபுவை மணந்துகொண்டார். மகன் நிசிம் 1917இல் முதல் உலகப் போரில் விமானியாக இறந்தார். அப்பா மொயீஸ் தன் மாளிகையையும் அதிலிருந்த எல்லாவற்றையும் மகன் பெயரில் பிரான்சுக்கே எழுதிவைத்தார். பாரிஸில் அது நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகமாக ஆனது.

அம்மாவின் சின்ன வயதுப் படம் மகள் பேயாத்ரிஸிடம் வந்தது. அவர் கணவர் லேயோன் ரெனாக். நாஜிகள் பிரான்சைப் பிடித்த பிறகு, 1941இல், யூதர் சொத்துகளைச் சூறையாடுவதற்கென்றே இருந்த ரோசன்பெர்க் சிறப்புப் பிரிவு இந்தப் படத்தைக் கைப்பற்றியது. கணவர் எழுதிய எதிர்ப்புக் கடிதங்களால் பயனில்லை. கொள்ளையடித்த ஓவியங்களைக் குவித்துவைத்த பாரிஸின் ஜு த போம் கட்டடத்துக்கு நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹெர்மன் கோரிங் ஏறக்குறைய 20 தடவை வந்து தனக்கு வேண்டியதை எடுத்துப் போனவர். இந்தப் படமும் அவர் கைக்குப் போய், பண்டமாற்றில் நகர்ந்தது.

லேயோனும் பிள்ளைகள் ஃபனி, பெர்த்ராங் இருவரும் 1943 நவம்பரில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பேயாத்ரிஸை 1944 மார்ச்சில் அனுப்பினார்கள். நால்வரில் ஒருவரும் திரும்பவில்லை. ‘ரோஜாவும் நீலமும்’ படத்தில் நீல உடையில் நிற்கும் எலிசபெத்தும் 1944இல் அந்தப் பாதையிலேயே மாண்டார்.

இரேன் உயிரோடு இருந்தார். போருக்குப் பின் படம் மீட்கப்பட்டு, மகளின் வாரிசு என்ற முறையில் அவரிடமே வந்தது. 1949இல் அவர் அதை விற்றார். வாங்கியவர் சூரிச் தொழிலதிபர் எமில் பியூர்லே. போரின்போது நாஜி ஜெர்மனிக்கும் ஆயுதம் விற்ற ஓர்லிகன் நிறுவனத்தின் முதலாளி. அவர் சேகரிப்பு 2021இல் குன்ஸ்ட்ஹவுஸின் புதிய கட்டடத்துக்கு வந்தபோது பெரிய விவாதம் கிளம்பியது. படங்களின் பூர்வீகத்தை ஆராய்ந்த விதம் போதாது என்று 2024இல் சுயாதீன மதிப்பாய்வு ஒன்றும் சொன்னது. இரேன் படத்தைப் பொறுத்தவரை விற்பனை உரியவர் கையாலேயே நடந்தது. ஆனாலும் எந்தப் பணத்தில் வாங்கியது என்ற கேள்வி அந்த அறையில் எல்லாப் படங்களுக்கும் பொதுவானது.

எட்டாம் படி: எழுதிவைத்த சொல்லை எடுங்கள்

நான்காம் படியில் எழுதிய தாளை இப்போது பாருங்கள். கதை தெரிந்தபின் இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கண்களில் ‘வரப்போகும் துயரத்தின் சாயல்’ இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். 1880இல் ஒரு தோட்டத்தில் உட்கார்ந்திருந்த எட்டு வயதுக் குழந்தைக்கு 1944 பற்றி என்ன தெரியும்? ரெனுவாருக்குத்தான் என்ன தெரியும்? அந்தத் துயரம் நம்முடையது, நாம் கொண்டுபோய் வைத்தது. வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, வைக்காமல் இருக்கவும் முடியாது. ஆனால் எது கான்வாஸில் இருக்கிறது, எது நம் தலையில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் இத்தனை படி ஏறியதற்குப் பலன்.

ஒன்பதாம் படி: வேறு படங்களில் கையைப் பழக்குங்கள்

ஒரு படத்தோடு நிறுத்தினால் ரெனுவாரின் பழக்கம் எது, காலத்தின் பழக்கம் எது என்று தெரியாது. அதே கால் நூற்றாண்டுக்குள் வந்த நான்கைச் சொல்கிறேன்.

லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள விஸ்லரின் சிசிலி அலெக்சாண்டர் படம், 1872–74. இவளும் எட்டு வயதுக்காரிதான். ஆனால் அமர்வுகள் ஏறக்குறைய 70, நடுவே அழுகையும். முகத்தில் அந்த எரிச்சல் அப்படியே நிற்கிறது. மாஸ்கோவின் திரெத்யாக்கோவ் காட்சியகத்தில் சேரோவின் ‘பீச் பழங்களுடன் சிறுமி’, 1887. வேரா மாமந்தோவா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நேராக நம்மைப் பார்க்கிறாள். பார்வை திரும்பினால் என்ன மாறுகிறது என்பதற்கு இரேனோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை. வாஷிங்டனில் மேரி கசாட்டின் ‘நீல நாற்காலியில் சிறுமி’, 1878; உடம்பை அப்படியே சரித்துக் காலைப் பரப்பிக் கிடக்கும் பிள்ளை. பணம் கொடுத்து வரையச் சொன்ன எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ளாத நிலை அது, ஆறாம் படியின் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள்.

கடைசியாக பாஸ்டனில் சார்ஜென்ட்டின் ‘எட்வர்ட் டார்லி பாய்ட்டின் புதல்வியர்’, 1882. இரண்டு மீட்டருக்கும் மேலான ஏறக்குறையச் சதுரக் கான்வாஸ், உருவப்படத்துக்கு இப்படி ஓர் அளவா என்று முதல் படியிலேயே நிற்க வைத்துவிடும். நான்கு சகோதரிகள், இருவர் இருட்டுக்குள். நால்வரும் பின்னாளில் மணம் செய்துகொள்ளவில்லை என்பதை வைத்து அந்த இருட்டுக்குப் பொருள் சொல்கிறவர்கள் ஏராளம். எட்டாம் படியை மறந்தவர்கள். படத்தில் சிறுமிகளைவிட உயரமாக நிற்கும் இரண்டு ஜப்பானியப் பீங்கான் ஜாடிகளை அருங்காட்சியகம் நிஜமாகவே படத்தின் இரு பக்கமும் வைத்திருக்கிறது. நேரில் போகிறவர்கள் முதலில் ஜாடிக்குப் பக்கத்தில் நின்று உயரம் பார்த்துவிட்டு, அப்புறம் கான்வாஸுக்குத் திரும்புங்கள்.